பேறுகாலத் துணையும் பஞ்சாயத்தின் கடமையும்

கிராம வளர்ச்சி என்றவுடன் சாலை, கிணறு, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகியவையே நம் கண்முன் தோன்றுகின்றன. இவை கண்ணால் காணத்தக்கவை, கணக்கில் எழுதத்தக்கவை. ஆயின், ஓர் ஊரின் நலத்தை அளப்பதற்கு வேறோர் அளவுகோலும் உண்டு. தாயாகப் போகும் ஒரு பெண் அச்சமின்றி மருத்துவமனைக்குச் சென்று, மதிப்போடு நடத்தப்பெற்று, சேயுடன் நலமாக வீடு திரும்புகின்றாளா என்பதே அது. இப்பொருளைக் குறித்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கடந்து வந்த வழி

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபொழுது, வட்டாரந்தோறும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் அமைய வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அந்நாளில் நம் கிராமங்களில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டின் பின்கட்டிலேதான் பிறந்தன. மருத்துவச்சியின் கைப்பழக்கமும் வீட்டுப் பெரியவளின் தைரியமும்தான் துணை. அவற்றால் பிழைத்த தாய்மார் பலர்; அவை போதாமல் இறந்தவர்களும் பலர்.

இன்று நிலை பெரிதும் மாறியுள்ளது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. 2005–06-இல் இது 87.8-ஆக இருந்தது. 2018–20-ஆம் ஆண்டுகளுக்கான கணக்கின்படி, பேறுகாலத்தை ஒட்டி இறக்கும் தாய்மாரின் தொகை, உயிருடன் பிறந்த 1,00,000 குழந்தைகளுக்கு 54 என்று குறைந்துள்ளது. கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்பு, இரவு பகலாகப் பணிபுரியும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008 முதல் ஓடும் 108 ஊர்தி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கப்பெறும் மகப்பேறு உதவி ஆகிய யாவும் சேர்ந்து விளைவித்த பயன் இது. இதற்காக நாம் பெருமை கொள்வதில் தவறில்லை.

எனினும், பெண்களை மருத்துவமனை வாயில்வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டதால் மட்டும் வேலை முடிந்துவிடவில்லை. வாயிலுக்கு அப்பால் என்ன நிகழ்கின்றது என்பதையும் கேட்டறிவது நம் கடமையாகும்.

வார்டுக்குள் நிகழ்பவை

கிராமங்களில் மாதர் கூட்டங்களில் அமர்ந்து பேறுகால அனுபவங்களைப் பற்றிக் கேட்டால், முதலில் சிறிது நேரம் மௌனம் நிலவும். பிறகு ஒருத்தி வாய் திறப்பாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் பேசுவர். நல்ல சொல் சொல்லித் தேற்றிய செவிலியர்களை அவர்கள் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். ஆனால், வேறு வகையான செய்திகளும் வருகின்றன. வலி பொறாமல் கதறியபொழுது ஏளனம் செய்தது, தொடையில் அறைந்தது, வயிற்றின் மேல் கையை ஊன்றி அழுத்தியது, திரை இல்லாத கட்டிலில் பலர் பார்வையில் கிடத்தியது, என்ன செய்கின்றோம் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் பரிசோதித்தது, குழந்தையைத் தாயிடம் காட்டும் முன்பே வெளியிலிருந்தவர்களிடம் காட்டிக் காசு கேட்டது, ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் ஒரு தொகை என்று பேரம் பேசியது, இவையெல்லாம் நம் செவிக்கு எட்டியவை.

இவற்றை அற்பம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. ‘பிள்ளை பெறுவதென்றால் நாலு வசவு கேட்கத்தான் வேண்டும்; அதட்டினால்தான் முக்குவாள்’ என்று அனுபவசாலிகளும் சொல்வர். விவசாயப் பெருமக்களை ஒன்று கேட்கிறோம். கன்று ஈனும் பசுவை எவரேனும் அதட்டுவதுண்டா? தொழுவத்தில் சந்தடி கூடாதென்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, பழகிய ஒருவர் மட்டும் அருகில் நின்று, முதுகைத் தடவிக்கொடுத்து, இரவெல்லாம் கண்விழித்திருக்கின்றோம். வாயில்லா ஜீவனுக்கு நாம் அளிக்கும் இந்த அமைதியை நம் வீட்டுப் பெண்ணுக்கும் கேட்பது அதிகமாகாது.

கடுஞ்சொல்லால் விளையும் கேடு

கடுஞ்சொல் மனத்தைப் புண்படுத்துகின்றது என்பது மட்டுமன்று. உயிருக்கே அது உலை வைக்கக்கூடும். நாம் பணிபுரிந்த வட்டாரம் ஒன்றில் நிகழ்ந்த செய்தியைச் சான்றாகக் கூறுவோம். ஊரும் மருத்துவமனையும் இன்னவை என்று குறிப்பிடுவது தேவையில்லை.

முதற்பேற்றிற்காக ஓர் இளம்பெண்ணை ஒரு மருத்துவமனையில் சேர்த்தனர். உடன் வந்த தாயை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டனர். உள்ளே அப்பெண் இரண்டு முறை தண்ணீர் கேட்டாள். இரண்டு முறையும் வசவுதான் கிடைத்தது. நள்ளிரவிற்குப் பிறகு குழந்தை பிறந்தது. அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, பணியிலிருந்த ஒரே செவிலியர் அடுத்த பேற்றினைக் கவனிக்கச் சென்றுவிட்டார். சிறிது நேரத்தில் தன் புடைவை ஈரமாவதை அப்பெண் உணர்ந்தாள். உதிரப்போக்கு மிகுதி என்பது அவளுக்குப் புரிந்தது. ஆயினும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மீண்டும் திட்டு விழும் என்று அஞ்சி வாய்மூடிக் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தற்செயலாகத் திரும்பிப் பார்த்துக் கூவியதால் செவிலியர் ஓடிவந்தார். பிறகு மருத்துவர்களும் செவிலியர்களும் தம் கடமையைக் குறைவின்றிச் செய்தனர், இரத்தம் ஏற்றப்பட்டது, அவள் பிழைத்தாள்.

ஈராண்டுகளுக்குப் பின் அவள் மீண்டும் கருவுற்றாள். பரிசோதனைக்கு வராமல் காலம் கடத்தினாள். ஐந்து மாதம் கழித்தே கிராம சுகாதார செவிலியருக்குச் செய்தி தெரிந்தது. காரணம் கேட்டபொழுது, “வலி மறந்துவிட்டது அக்கா, அந்தச் சொல்தான் மறக்கவில்லை” என்றாளாம்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? பேறுகாலத் தாய்மார் இறப்பதற்கு மூன்று வகைத் தாமதங்கள் காரணம் என்பது பொதுச் சுகாதார வல்லுநர் கருத்து. மருத்துவமனைக்குச் செல்வோம் என்று முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம் முதலாவது. வழிப்பயணத்தில் ஏற்படும் தாமதம் இரண்டாவது. சென்று சேர்ந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மூன்றாவது. சாலை போட்டும் ஊர்தி விட்டும் இரண்டாம் தாமதத்தை நாம் பெரும்பாலும் வென்றுவிட்டோம். ஆனால், வார்டில் பேசப்படும் ஒரு கடுஞ்சொல் முதல் தாமதத்தையும் மூன்றாம் தாமதத்தையும் ஒருங்கே உண்டாக்கிவிடுகின்றது. திட்டு வாங்கிய பெண் தனக்கு நேரும் ஆபத்தைச் சொல்லாமல் மறைக்கின்றாள். அடுத்த முறை வரவும் தயங்குகின்றாள். அவள் கதையைக் கேட்ட நாலு பெண்களும் தயங்குகின்றனர்.

கதவு அடைக்கப்பட்டது ஏன்?

உறவினரை உள்ளே விடலாகாது என்னும் கட்டுப்பாடு கொடுமை செய்யும் எண்ணத்தால் வந்ததன்று. அதற்கொரு வரலாறு உண்டு. பழங்காலப் பிரசவ விடுதிகளில் பேறுகாலச் சுரம் என்னும் நோய் தாய்மாரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரப் பொது மருத்துவமனையில், மருத்துவ மாணவர் பணிபுரிந்த பிரிவில் 1846-ஆம் ஆண்டில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் மாண்டனர். பிணங்களை அறுத்துப் படித்த கையோடு மாணவர்கள் பேறு பார்ப்பதே காரணம் என்று செம்மல்வைசு என்னும் மருத்துவர் கருதினார். 1847-இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே உட்புக வேண்டும் என்று விதித்தார். 1848-இல் சாவு நூற்றுக்கு இரண்டிற்கும் கீழே இறங்கியது.

நோய்த் தொற்றைப் பற்றிய அறிவு பரவப் பரவ, மருத்துவமனைகள் வெளியாரைத் தடுக்கத் தொடங்கின. கூட்டம் கூடாது, பார்வை நேரம் மாலையில் மட்டும், குழந்தையைத் தொடலாகாது என்னும் விதிகள் இவ்வாறு எழுந்தன. அவற்றுள் நியாயம் உண்டு. பிறந்த சிசுவைக் காண்பதற்குப் பதினைந்து பேர் ஒரே வேளையில் புகுந்து, ஆளுக்கு ஆள் தூக்கி முத்தமிடுவது இன்றும் ஆபத்தானதே.

ஆனால், செம்மல்வைசு காட்டிய உண்மையை ஊன்றிப் பார்க்க வேண்டும். நோயைச் சுமந்து சென்றவை உறவினரின் கைகள் அல்ல. கழுவாத மருத்துவக் கைகளே. கூட்டத்தைத் தடுப்பது வேறு. கைகழுவி, தூய ஆடை அணிந்து, தாயின் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் ஒரே ஒருத்தியைத் தடுப்பது வேறு. முன்னது சுகாதாரம், பின்னது பழக்கத்தால் நிலைத்துவிட்ட ஒரு விதி.

துணை இருப்பதன் பயன்

பேறு காலத்தில் தாயுடன் ஒருவர் இடையறாது இருப்பதால் என்ன பயன் என்பதை உலகின் பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து 2017-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. பதினேழு நாடுகளில், 15,000-க்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடத்தப்பெற்ற 26 ஆய்வுகள் அதில் அடங்கும். துணையோடு இருந்த தாய்மார்க்கு இயற்கையான பேறு மிகுதியாக நிகழ்ந்தது. அறுவைச் சிகிச்சையின் தேவை குறைந்தது. வலி நேரம் சராசரியாக நாற்பது நிமிடம் அளவுக்குச் சுருங்கியது. பேற்றினைப் பற்றிய கசப்பும் குறைந்தது. 2019–21-இல் தமிழ்நாட்டுப் பேறுகளுள் நூற்றுக்கு 44.9 அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தன என்பதை எண்ணும்பொழுது, இப்பயனின் அருமை விளங்கும்.

இது எவ்வாறு நிகழ்கின்றது? கருப்பை சுருங்கி விரிவதற்கு உடலில் ஊறும் ஒருவகைச் சுரப்பு நீர் துணை செய்கின்றது. அச்சமும் தனிமையும் மிகுந்தால் அதற்கு எதிரான சுரப்பு நீர் பெருகி, வலியின் ஒழுங்கு குலையக்கூடும். பழகிய கை தோளைத் தொடும்பொழுது அச்சம் தணிகின்றது. மேலும், முதற்பேற்றில் வலி முறையாக வலுத்த பின்னரும் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆவது இயல்பே. அத்தனை நேரமும் ஒரு செவிலியர் ஒரு தாயின் அருகிலேயே இருக்க இயலாது. தண்ணீர் கொடுப்பதற்கும், இடுப்பைப் பிடித்துவிடுவதற்கும், மெல்ல நடக்கவைப்பதற்கும், மாறுதல் தோன்றியவுடன் செவிலியரை அழைப்பதற்கும் துணையே தக்கவர்.

அரசின் விதி என்ன சொல்கின்றது?

பேறுகாலத் துணை என்பது எவரும் இரந்து பெற வேண்டிய சலுகையன்று. தமிழ்நாட்டில் 2004-ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவ நிலையங்களில் இம்முறை கொண்டுவரப்பட்டது. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் நாடெங்குமுள்ள அரசு நிலையங்களுக்கு இதனை அறிவுறுத்தியது. 2017 டிசம்பரில் தொடங்கிய ‘லக்ஷயா’ என்னும் திட்டம், பிரசவ அறையின் தரத்தை அளக்கும்பொழுது, தாய் மதிப்போடு நடத்தப்பெறுகின்றாளா என்பதையும் ஓர் அளவாகக் கொண்டுள்ளது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளில், தாய் விரும்பும் துணையை அனுமதித்தல், இயல்பான பேறாயின் நீரும் உணவும் கொள்ளவும் எழுந்து நடக்கவும் விடுதல் ஆகியவை இடம்பெற்றுள்ளன. வயிற்றைக் கையால் அழுத்திப் பிள்ளையைத் தள்ளும் பழக்கம் வேண்டாவென்றும் அந்நிறுவனம் கூறியுள்ளது.

அரசு நிலையத்தில் பேறு, அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, வீடு திரும்பும் ஊர்தி ஆகியவை யாவும் இலவசம் என்பது 2011 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள திட்டம். ஆகவே, குழந்தையைக் காட்டுவதற்குக் காசு கேட்பது முறைகேடேயன்றி வழக்கமன்று.

துணையாகச் செல்பவர் அறிய வேண்டியவை

1. துணையாக இருப்பவர் ஒரு பெண்ணாக இருத்தல் வேண்டும்; தாமே பிள்ளை பெற்ற அனுபவம் உடையவராயின் நன்று. தனித்தனி மறைப்பு வசதியுள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டு அறிவுரை கூறுகின்றது.

2. சளி, காய்ச்சல், தோல் நோய் முதலிய தொற்று நோய் உடையவர் செல்லலாகாது. தூய ஆடை அணிந்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உட்செல்ல வேண்டும்.

3. தொடக்கம் முதல் இறுதிவரை ஒருவரே இருத்தல் நலம். மணிக்கு ஒருவராக மாறி மாறிச் செல்வது வார்டில் குழப்பத்தை விளைவிக்கும்.

4. மருத்துவர், செவிலியர் பணியில் குறுக்கிடலாகாது. பக்கத்துக் கட்டில் தாய்மாரின் காரியத்தில் தலையிடுவதும் கூடாது.

5. ‘நான் எட்டுப் பெற்றேன், இப்படியா கத்தினேன்’ என்பது போன்ற பேச்சை வாயிலேயே விட்டுவிட்டுச் செல்ல வேண்டும். வெளியார் வசவைவிட வீட்டார் வசவு கொடிது.

6. குழந்தை பிறந்த பின்புதான் துணையின் கண்கள் மிக விழிப்பாக இருத்தல் வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் தாயின் ஆடையை அடிக்கடி பார்க்க வேண்டும். உதிரப்போக்கு மிகுந்தாலோ, முகம் வெளிறினாலோ, மயக்கம், வலிப்பு, கடுந்தலைவலி தோன்றினாலோ நொடியும் தாமதியாது செவிலியரை அழைக்க வேண்டும்.

7. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்க உதவ வேண்டும். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கொடுக்கலாகாது.

மறுபக்கத்தையும் காண்போம்

வழக்கை ஒருதலையாகத் தீர்ப்பது நம் பஞ்சாயத்து மரபன்று. இரவுப் பணியில் ஒரே செவிலியர் மூன்று, நான்கு தாய்மாரைப் பார்க்கும் நிலையங்கள் உண்டு. அவருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு, உறக்கம் உண்டு. வாயிலில் ஊரே திரண்டு நின்று கூச்சலிடுவதும், குடித்துவிட்டு வந்து வாதாடுவதும், கைகலப்பில் இறங்குவதும் நம்மவர் சிலர் செய்யும் பிழைகள். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அவர்களிடம் அன்பான சொல்லை எதிர்பார்க்கும் நாம், அன்பான சொல்லையே கொண்டுசெல்ல வேண்டும். ஆயினும், களைப்பு கடுஞ்சொல்லுக்குக் காரணமாகலாமேயன்றி நியாயம் ஆகாது. வலியால் துடிக்கும் பெண்ணால் எதிர்வாதம் செய்யவோ எழுந்து செல்லவோ இயலாது. ஆதலால், இருவருள் பொறுமை காக்க வேண்டியவர் வலியில்லாதவரே.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவதாக, ஊரிலுள்ள கருவுற்ற பெண்களுக்கு, பேற்றிற்கு ஒரு மாதம் முன்னதாகவே துணை இன்னார் என்று முடிவு செய்துகொள்ளுமாறு கிராம சுகாதார செவிலியர் வாயிலாக அறிவுறுத்தலாம். தாயோ மாமியாரோ இல்லாத பெண்களுக்கு மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து மனமுவந்து வரும் ஒருவரைத் துணையாக ஏற்பாடு செய்யலாம்.

இரண்டாவதாக, துணையும் தாயும் முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று பிரசவ அறையைக் கண்டு, செவிலியரோடு பேசி வரச் செய்யலாம். சுகாதார நிலையங்களில் வளைகாப்பு நடத்தும் நல்வழக்கம் இதற்கு ஏற்ற வாய்ப்பாகும். தெரிந்த இடம், தெரிந்த முகம் என்றால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

மூன்றாவதாக, நிலையத்தின் குறைகளை நேரிற்சென்று காண வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் திரை உண்டா? துணையாக வந்தவர் அமர ஒரு முக்காலி உண்டா? கைகழுவக் குழாயில் நீர் வருகின்றதா? கழிவறைக் கதவுக்குத் தாழ் உண்டா? காத்திருக்கும் உறவினருக்கு நிழலும் குடிநீரும் உண்டா? இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நோயாளர் நலச் சங்கத்திலும், பஞ்சாயத்துத் தலைவரைத் தலைவராகக் கொண்ட கிராம சுகாதாரக் குழுவிலும் பேசி இவற்றை நிறைவு செய்யலாம். ஊரார் நன்கொடையாகவும் அளிக்கலாம். இரண்டு கட்டில்களுக்கு இடையே ஒரு திரை தொங்கினால், துணையை அனுமதிக்க இயலாது என்பதற்குச் சொல்லப்படும் முதற்காரணமே நீங்கிவிடும்.

நான்காவதாக, பார்வை நேரத்தை ஊராரும் மதித்து நடக்குமாறு செய்ய வேண்டும். ஒரு தாய்க்கு ஒரு துணை, பார்க்க வருவோர் உரிய வேளையில் இருவர் என்று ஊர்க்கட்டுப்பாடாகவே அமைத்துக்கொள்ளலாம். நாம் கூட்டத்தைக் குறைத்தால், துணைக்குக் கதவு தானே திறக்கும்.

ஐந்தாவதாக, முறைகேடு நிகழ்ந்தால் வாயிலில் கூச்சலிடாமல், நாள், நேரம், நிகழ்ந்தது ஆகியவற்றை எழுதி மருத்துவ அலுவலரிடம் அளிக்க வேண்டும். 104 என்னும் எண்ணிலும் தெரிவிக்கலாம். பாதிக்கப்பட்ட பெண் இசைந்தாலன்றி அவள் பெயரைக் கிராம சபையில் எடுத்தல் கூடாது. அவ்வாறே, நன்கு பணிபுரிந்த செவிலியரைக் கிராம சபையில் பெயர் சொல்லிப் பாராட்டவும் தவறலாகாது. குறையைச் சொல்ல ஓடும் கால்கள் நிறையைச் சொல்லவும் நடக்க வேண்டும்.

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. சென்ற ஓராண்டில் நம் ஊரில் குழந்தை பெற்ற தாய்மார் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேருக்குப் பிரசவ அறையில் துணை இருந்தது?

2. துணை இல்லாதவர்களுக்கு அது கிடைக்காமற்போனதற்குக் காரணம் நிலையத்தின் மறுப்பா, இடமின்மையா, நம் அறியாமையா?

3. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுள் பெண்கள் எவரேனும் பார்வையிட்டதுண்டா?

4. பேற்றிற்குப் பின் கவனிக்க வேண்டிய ஆபத்துக் குறிகளை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவரா?

இவ்வினாக்களுக்கு விடை காண நீண்ட ஆராய்ச்சி வேண்டுவதில்லை. ஒரு மாலை நேரம் மாதர்களோடு அமர்ந்து செவிசாய்த்தாற் போதும். அடுத்த கிராம சபைக்கு முன் ஒவ்வொரு பஞ்சாயத்தும் அவ்வொரு மாலையை ஒதுக்குமாயின், இப்பாடம் தன் பயனை எய்தியதாகும்.